பிரேம் கண்ணாடியில் பெயரும் கோலமும் செதுக்குவது எப்படி

வீட்டில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களில் பெயர், தோற்றம், மறைவு எல்லாம் பெரும்பாலும் ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் படத்தோடு சேர்த்தே பிரிண்ட் போட்டிருப்பார்கள். கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்களில் ஸ்டிக்கருக்கு ஆயுசு குறைவு. ஈரக்காற்று, விளக்குப் புகை, வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் சேர்ந்து முதலில் ஒரு புள்ளி உதிரும், அப்புறம் ஒரு கொம்பு, அப்புறம் பெயரே வேறு பெயர் ஆகிவிடும். பிரிண்ட் போட்டது வெயில் பட்டால் வெளுக்கும். கண்ணாடியையே செதுக்கி எழுதிவிட்டால் உதிரவும் வெளுக்கவும் அங்கே ஒன்றும் இல்லை, கண்ணாடி உடைந்தால்தான் எழுத்து போகும். இதற்குப் பட்டறை எதுவும் வேண்டாம். ஒரு மேஜை, நுனி வேகமாகச் சுழலும் ஒரு சின்ன ரோட்டரி டூல், அவசரமில்லாத ஒரு மத்தியானம் போதும். கல்யாணப் படம், அறுபதாம் கல்யாணப் படம், புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்கிற சாமி படம் என்று எதற்கும் இதே முறைதான்.

டூலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தை முடிவு செய்துவிட வேண்டும். கண்ணாடியின் எந்தப் பக்கம் செதுக்கப் போகிறோம், செதுக்கிய இடத்துக்குப் பின்னால் என்ன நிறம் வரப்போகிறது. பலரும் எழுத்து அழகிலேயே நின்றுவிட்டு இந்த இரண்டையும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

பக்கம் என்று கேட்டால் என் பதில் உள்பக்கம்தான், அதாவது படத்தைப் பார்த்தபடி இருக்கும் பக்கம். நம் வீடுகளில் படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம், மாலை போடுவோம். செதுக்கிய இடம் சொரசொரப்பாக இருக்கும், அந்தச் சொரசொரப்பில் குங்குமம் ஒரு தடவை ஏறினால் பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் சிவப்பு முழுசாகப் போகாது. விரல் எண்ணெய் பட்டாலும் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். உள்பக்கம் செதுக்கினால் வெளிப்பக்கம் வழக்கமான வழவழப்போடு இருக்கும், எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம், எழுத்தை யாரும் தொடப்போவதில்லை. இதற்கான விலை ஒன்றே ஒன்று: எழுத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அடுத்தது பின்னணி. செதுக்கிய கண்ணாடி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அந்த இடம் வெளிச்சத்தைச் சிதறடிப்பதுதான். பின்னால் வெள்ளைச் சட்டையோ வெளுத்த வானமோ இருந்தால் எழுத்து கரைந்துபோகும், பின்னால் கறுப்போ கரும்பச்சையோ அரக்கோ இருந்தால் நறுக்கென்று எழும்பி நிற்கும். அதனால் எழுத்தைப் படத்தின் மேலேயே கொண்டுபோய் வைக்காதீர்கள். படத்தைச் சுற்றி அடர் நிற மவுண்ட் போர்டு (படத்துக்கு ஓரமாக வைக்கும் அட்டை) வருகிற மாதிரி பிரேம் அளவைக் கொஞ்சம் பெரிசாக எடுத்து, கீழே மட்டும் மூன்று நாலு விரல் அகலம் விட்டு அந்தப் பட்டையில் எழுதுங்கள். கீழே என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, மேலேயும் பக்கவாட்டிலும் மாலை வந்து மறைத்துவிடும்.

சரி, கண்ணாடி. சாதாரண போட்டோ பிரேமில் வருவது 2 எம்.எம். கண்ணாடி. அதில் செதுக்க முடியும், ஆனால் கை கொஞ்சம் அழுத்தினாலும் வளைந்து விரிசல் விடும். பிரேமின் காடி, அதாவது கண்ணாடி உட்காரும் பள்ளம், இடம் கொடுத்தால் 3 அல்லது 4 எம்.எம். கண்ணாடியை அளவு சொல்லி வெட்டி வாங்குங்கள், ஓரத்தை லேசாக உரசிக் கொடுக்கச் சொல்லுங்கள். புதுச்சேரி காந்தி வீதியில் நடக்கும் ஞாயிறு சந்தை மாதிரி இடங்களில் பழைய மரச்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள், பழைய சட்டங்களில் காடி ஆழமாக இருப்பதால் தடிமனான கண்ணாடி, இடைவெளிப் பட்டை, மவுண்ட் எல்லாம் வசதியாக உட்காரும். கண்ணாடிக் கடையில் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து வாங்குவது முக்கியம். ஷீட்களை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கி வைத்திருக்கும்போது இடையில் ஈரம் புகுந்தால், நாளாவட்டத்தில் அந்த ஈரம் கண்ணாடியில் இருக்கும் காரத்தை வெளியே இழுத்து மேல்பரப்பை அரித்து வெள்ளைப் படலம் விடும். மழைக்காலம் முடிந்து வாங்கினால் இது அதிகம் கண்ணில் படும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத அந்தப் படலம், பக்கத்தில் பளிச்சென்று செதுக்கிய எழுத்து வந்ததும் அழுக்கு மாதிரி தெரியும், துடைத்தாலும் போகாது.

இரண்டு பொருளைத் தொடவே கூடாது. ஒன்று டஃபன்டு கண்ணாடி, அதாவது பலம் கூட்டிய கண்ணாடி. அதன் உள்ளேயே இழுவிசையும் மேல்தோலில் அழுத்தமும் பூட்டி வைத்திருக்கிறது, தோலைத் தாண்டிச் செதுக்கினால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகக் கொட்டும். இன்னொன்று, ரெடிமேடாக விற்கும் மலிவு பிரேம்கள் பலவற்றில் வருகிற அக்ரிலிக் ஷீட். நகத்தால் தட்டிப் பாருங்கள், கண்ணாடி கணீரென்று சொல்லும், அக்ரிலிக் மொத்தென்று சொல்லும், தொட்டால் குளிர்ச்சியும் இருக்காது. கண்ணாடியை அரித்து மங்கலாக்கும் எட்சிங் கிரீம் அக்ரிலிக்கில் வேலையே செய்யாது, டூல் வைத்தால் உருகி இழுக்கும்.

எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்தில் நேர்க்கோட்டை விட வளைவும் சுழியும்தான் அதிகம். ண, ஞ, இ, ணை மாதிரி எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் சின்ன வெற்றிடம்தான் எழுத்தையே எழுத்தாகக் காட்டுகிறது, அது அடைந்துபோனால் ண எது, ன எது என்றே தெரியாது. கையால் செதுக்குகிறவர்கள் எழுத்து உயரம் 15 எம்.எம்.முக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் தடவை என்றால் 20 எம்.எம். வையுங்கள். கோடு முழுவதும் ஒரே தடிமனாக வருகிற எழுத்துருவை எடுங்கள், பத்திரிகைத் தலைப்பு மாதிரி தடித்தும் மெலிந்தும் வருவது கண்ணாடியில் கையால் வராது. கம்ப்யூட்டரில் அடிக்கிறீர்கள் என்றால் பிரிண்ட் எடுத்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரி பாருங்கள், பழைய டி.டி.பி. மென்பொருள்களில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் தெறித்துப்போகும். பெயரையும் தேதியையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, ஒற்றெழுத்து முதல்கொண்டு அவர் சரி என்று சொன்ன பிறகு வேலையை ஆரம்பியுங்கள். கண்ணாடிக்கு அழிரப்பர் கிடையாது.

இப்போது திருப்பிப் போடுகிற விஷயம். பிரிண்ட் எடுக்கும்போதே ‘மிரர்’ கொடுத்து எடுத்தால் வேலை சுலபம். அந்த வசதி இல்லையென்றால் சாதாரணமாகப் பிரிண்ட் எடுத்த தாளின் பின்பக்கத்தில் தேங்காயெண்ணெய் நாலு சொட்டு விட்டுப் பஞ்சால் தடவுங்கள், வடை மடித்துக் கொடுத்த தாள் மாதிரி ஊடுருவித் தெரியும். லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸாக இருந்தால் மை கலையாது. எண்ணெயை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுத் தாளைக் குப்புறப் போட்டால் எழுத்து திரும்பித் தெரியும். அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். இனி மேலே தெரியும் கோட்டின் மேலேயே செதுக்கிப் போகலாம், முடித்துக் கண்ணாடியைத் திருப்பினால் எழுத்து நேராக இருக்கும்.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். திரும்பிய எழுத்தில் ‘கொ’வின் கால் இடது பக்கம் வரும், கொம்பு வலது பக்கம் போகும். நாம் சின்ன வயதிலிருந்து எழுதிப் பழகிய கை, இரண்டு மூன்று எழுத்து தாண்டியதும் தன்னையறியாமல் கோட்டை விட்டுவிட்டு நேர் எழுத்தாக வளைக்கப் பார்க்கும். சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் இந்தத் தப்பு அதிகம் வரும். அதனால் எழுத்தாகப் படிக்காதீர்கள், கோலக்கோடாக நினைத்துக் கோட்டை மட்டும் பின்தொடருங்கள். வருஷத்தை எழுதும்போதும் அப்படித்தான், 0, 8 தவிர எல்லா எண்ணும் திரும்பும்.

டூல் என்று பார்த்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி உள்ள ரோட்டரி டூல் எதுவானாலும் சரி. நெகிழும் கேபிள் வைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், மோட்டார் எடை கையில் இருக்காது, பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்கலாம், தண்ணீரும் மோட்டாரை விட்டுத் தள்ளி இருக்கும். டூலின் நுனியில் மாட்டும் பிட், டைமண்ட் பிட்டாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியும் ஸ்டீலும் கடினத்தில் கிட்டத்தட்ட ஒரே படியில் நிற்பவை, சாதாரண ஸ்டீல் பிட் கண்ணாடியில் மழுங்கிப்போகும். டைமண்ட் பிட் செட்களில் தண்டு 2.35 எம்.எம்., 3 எம்.எம். என்று இரண்டு அளவு வருகிறது, உங்கள் டூலின் காலட் (பிட்டைக் கவ்வும் பகுதி) எதைப் பிடிக்கும் என்று பார்த்து வாங்குங்கள். செட்டில் முப்பது பிட் இருந்தாலும் நமக்கு வேண்டியது மூன்றுதான்: சின்ன உருண்டை முனை, கொஞ்சம் பெரிய உருண்டை முனை, உள்ளே நிரப்ப ஒரு உருளை முனை.

மேஜையில் ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்துப் போட்டு அதன் மேல் கண்ணாடியை வையுங்கள், அடியில் எங்கேயும் தூக்கலாக இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், மூக்குக்கு என்95 முகக்கவசம் கட்டாயம். செதுக்கும் இடத்தில் எப்போதும் ஈரம் இருக்கட்டும். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒற்றிக் கொடுத்தால் போதும், தண்ணீர் தேங்க வேண்டியதில்லை. ஈரம் இரண்டு வேலை செய்கிறது. சூடு ஏறாமல் பார்ப்பதால் ஓரத்தில் சில்லு தெறிக்காது, கண்ணாடித் தூளும் காற்றில் பறக்காமல் கூழாக அப்படியே உட்கார்ந்துவிடும். அந்தக் கூழை வாயால் ஊதவோ காய்ந்த பிறகு துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலையே வேண்டாம்.

வேகம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் சுற்று போதும். முதலில் ஒரு உடைசல் கண்ணாடியில் கோடு இழுத்துப் பழகுங்கள், கட்டாயம் பழகுங்கள், ஏனென்றால் சுழலும் பிட் ஒரு திசையில் இழுத்தால் அடங்கி வரும், எதிர்த்திசையில் இழுத்தால் வழுக்கி ஓடும், அது எந்தத் திசை என்பது உங்கள் கைக்குத் தெரிந்தால்தான் நிஜக் கண்ணாடியில் கோடு நிற்கும். அழுத்தம் கூடவே கூடாது, பிட் கண்ணாடியை வருடிக்கொண்டு போகட்டும். சின்ன உருண்டை முனையால் எழுத்தின் ஓரக்கோட்டை முதலில் மெல்லிசாக ஒரு சுற்று, அடுத்து அதே கோட்டில் இன்னொரு சுற்று. ஒரே இழுப்பில் ஆழமாக எடுக்க நினைத்தால் கோடு பல்லுப்பல்லாக வரும். வளைவு வரும் இடத்தில் கையை வளைக்காமல் இன்னொரு கையால் கண்ணாடியைச் சுற்றுங்கள். மணிக்கட்டு மேஜையில் ஊன்றி அசையாமல் இருக்க, ண-வின் சுழி தானாகப் பிட்டுக்கு அடியில் திரும்பி வரும். இது மட்டும் பழகிவிட்டால் பாதித் தமிழ் எழுத்து கைவந்துவிட்டது என்று சொல்லலாம். புள்ளிக்கு உருண்டை முனையை நேராக நிறுத்தி ஒரு தொடு தொட்டு லேசாகச் சுழற்றி எடுங்கள், குழிவாக அழகாக உட்காரும்.

ஓரக்கோடு முடிந்ததும் உள்ளே நிரப்பலாம், உருளை முனையைச் சாய்த்துப் பிடித்து எல்லாம் ஒரே திசையில். குறுக்கும் நெடுக்குமாகப் போனால் காய்ந்த பிறகு கீறல் கீறலாகத் தெரியும். நடுவில் பார்க்கும்போது ஒன்றுமே செதுக்காத மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பி வெளிச்சத்தை நேராக விட்டுவிடுவதால் செதுக்கல் மறைந்துவிடும். துடைத்துக் காய விட்டு, அடியில் இருக்கும் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கறுப்பு சார்ட்டைச் செருகிப் பாருங்கள். எங்கே விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஓரம் தடுமாறியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். தாளை ஒட்டிய டேப்பை மட்டும் பிரிக்காதீர்கள், திரும்ப அதே இடத்தில் வைப்பது கஷ்டம்.

அலங்காரத்துக்கு என்ன போடலாம் என்றால், நான் சிக்குக் கோலத்தைத்தான் சொல்வேன். கோலம் என்பதே இருண்ட தரையில் வெள்ளைக் கோடு, கண்ணாடியில் நாம் செய்வதும் அடர் நிறத்தின் மேல் வெள்ளைக் கோடு. புள்ளிக்கு உருண்டை முனை, வளைவுக்குக் கண்ணாடியைச் சுற்றுவது என்று மேலே பழகிய அதே இரண்டு வேலைதான் கோலம் முழுக்க. இடவலம் ஒரே மாதிரி இருக்கிற கோலத்தை எடுத்தால் திருப்பிப் போடும் தொல்லையும் இல்லை. சின்னதாக ஐந்து புள்ளிக் கோலத்தை எடுத்து நாலாகப் பகுத்து ஒவ்வொரு மூலையிலும் கால்பாகம் வையுங்கள், படம் கோலத்துக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெரிய கோலம் போட்டுப் படத்தை மறைக்காதீர்கள், முகம்தான் முதலில் தெரிய வேண்டும். புதுச்சேரி வெள்ளை நகரத் தெருக்களில் நடந்தால் பழைய பால்கனிகளின் இரும்புக் கம்பி வளைவுகளைப் பார்க்கலாம், கல்யாணப் படத்துக்கு அந்தக் கொடிச்சுருள் நன்றாகப் பொருந்தும். போனில் நேர் எதிரே நின்று படம் பிடித்துத் தாளில் கோடாக வரைந்துகொள்ளுங்கள்.

கையால் செதுக்க முடியாது என்கிறவர்களுக்கு எட்சிங் கிரீம் இருக்கிறது. நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் வெட்டுகிற கடைகளில் பிளாட்டர் மிஷின் வைத்திருப்பார்கள், உங்கள் டிசைனைக் கொடுத்து, “அண்ணே, மிரர் பண்ணி வெட்டுங்க, எழுத்தை எடுத்துட்டு சுத்தி இருக்கிறது வேணும்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சுழிக்குள் இருக்கும் துண்டுகளையும் விட்டுவிடாமல் டிரான்ஸ்பர் டேப்போடு கேளுங்கள், அவை தனித்தனித் தீவுகள், டேப் இல்லாமல் இடம் மாறாமல் ஒட்ட முடியாது. கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்து ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு கைரேகை இருந்தால்கூட அந்த இடத்தில் கிரீம் பிடிக்காமல் திட்டு விழும். பழைய ஏ.டி.எம். கார்டால் ஓரங்களை நன்றாக அழுத்தி, கிரீமைத் தடிப்பாகப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுக் கழுவினால் முடிந்தது. அதிக நேரம் விட்டால் அதிக ஆழம் வரும் என்று நினைக்க வேண்டாம், கிரீம் மேல்தோலை மட்டும் மங்கலாக்கும். பெரிய பரப்பில் பூசினால் திட்டுத்திட்டாக வரும், அதனால் எழுத்துக்கும் மெல்லிய கோலத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கிரீம் விளையாட்டுச் சாமான் இல்லை. இதில் வேலை செய்வது அமோனியம் பைஃபுளோரைடு மாதிரியான ஃபுளோரைடு உப்புகள், கண்ணாடியின் உயிரான சிலிக்காவையே கரைப்பவை. 1771-ல் ஷீலே என்ற வேதியியலாளர் ஃபுளோர்ஸ்பார் கல்லையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சியபோது வைத்திருந்த கண்ணாடிக் கலனே அரிபட்டது, அதே குணம்தான் இது. தோலில் பட்டால் உடனே எரியாமல் சில மணி நேரம் கழித்து வலி ஆரம்பிக்கலாம், உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கும். நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காற்றோட்டமான வெளித்திண்ணை, குழந்தைகள் பக்கத்தில் வராமல் இருப்பது, இத்தனையும் வேண்டும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வலி இல்லையென்றாலும் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஃபுளோரைடு பட்டது என்று சொல்லுங்கள். அதற்கான கால்சியம் குளுக்கோனேட் மருந்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கழுவுவதைப் பீங்கான் வாஷ்பேசினிலோ டைல்ஸ் தரையிலோ செய்யாதீர்கள், அவற்றின் பளபளப்பும் கண்ணாடி வகைதான், அதையும் கிரீம் தின்றுவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் நிறையத் தண்ணீர் வைத்துக் கழுவுங்கள். திரவமாக விற்கிற ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை யார் சொன்னாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பத்து இருபது கண்ணாடி ஒரே டிசைனில் வேண்டுமென்றால் மணலைப் பீய்ச்சிச் செதுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்கிற கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்து கண்ணாடியைக் கழுவிக் காயவைத்த பிறகு பிரேமுக்குள் எப்படி வைக்கிறோம் என்பதிலும் பாதி அழகு இருக்கிறது. கண்ணாடியும் மவுண்ட் போர்டும் ஒட்டி உட்கார்ந்தால் எழுத்து தட்டையாகத் தெரியும். சைன்போர்டு கடைகளில் கிடைக்கும் 3 அல்லது 5 எம்.எம். சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) மெல்லிய பட்டைகள் வெட்டி, சட்டத்தின் மறைவுக்குள் நாலு ஓரத்திலும் ஒட்டி இடைவெளி கொடுங்கள். எழுத்தின் நிழல் பின்னால் அடர் நிறத்தில் விழுந்து எழுத்து மிதக்கிற மாதிரி இருக்கும். இந்த இடைவெளியில் இன்னொரு லாபம், போட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடியை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் போட்டோ அப்படியே ஒட்டிப்போய், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு உரிந்து வருவதை நம் பக்கத்துப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஹார்ட்போர்டு அடித்ததும் ஓரம் முழுக்கப் பேப்பர் டேப் ஒட்டி அடைத்துவிட்டால் பூச்சியும் ஈரமும் சுலபத்தில் உள்ளே போகாது.

செதுக்கிய கோட்டில் தங்க நிற பெயின்ட் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். தேய்க்கலாம், எனாமலை விரலால் கோட்டுக்குள் தேய்த்து மேலே வழிந்ததை அட்டையால் வழித்துவிட்டால் நிற்கும், ஆனால் கண்ணாடிக்கே உரிய அந்தப் பனி வெள்ளை போய்விடும், திரும்ப எடுப்பதும் லேசில்லை. சாமி படத்துக்குத் தங்க நிறம் பொருந்தும், முன்னோர் படத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மாட்டும் இடம், ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவராக இல்லாமல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற சுவராக இருக்கட்டும். நேர் எதிரே மாட்டினால் ஜன்னலின் பிம்பம்தான் கண்ணாடியில் தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் கோடு எடுபடும். 4 எம்.எம். கண்ணாடி போட்டவர்கள் சட்டத்தின் கீழ்க்காடிக்குள் ஒரு மெல்லிய எல்.இ.டி. பட்டையை, கண்ணாடியின் அடிவிளிம்பைப் பார்த்தபடி ஒட்டினால் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே ஓடிச் செதுக்கிய இடத்தில் மட்டும் வெளியே வரும். அதற்கு ஒயரைச் சட்டத்தின் பின்பக்கமாகக் கொண்டுவர ஒரு சின்னத் துளை வேண்டியிருக்கும், ஹார்ட்போர்டை மூடுவதற்கு முன்னாலேயே துளை போட்டு, பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆணி அடியுங்கள்.